பாண் ஓட்டோ கேட்ட முதற்சொற்கள்

கொக்கட்டிச்சோலைக் கோயிலில் புல்லுத் தின்ற அந்தக் கல் நந்தி மேல் சத்தியமாக, நாலு பேர் கேட்க உரத்தே சொல்கிறேன்: கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பாண் ஓட்டோக்காரனுடைய தொழில் பாண் விற்பது என்று நினைப்பீர்கள். அது பாதித் தொழில்தான். தாயின் இடுப்பில் இருக்கும் பிள்ளை வாய் திறக்கிற நேரம் பார்த்து வீட்டுப் படலைக்கு முன்னால் நிற்பது மற்றப் பாதி. காத்தான்குடி பேக்கரி அடுப்பில் வெந்த பாணைச் சூட்டோடு ஏற்றிக்கொண்டு, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து படுவான்கரைக்கு இறங்கும்போது தண்ணீர் நித்திரை முறியாமல் கிடக்கும். பனிப்புகாருக்குள்ளே என் ஒலிபெருக்கியின் ராகம் முன்னே போகும், நான் பின்னே போவேன். ஒரே ராகத்தைக் காலம் முழுக்கக் கேட்டுப் பிழைக்கிற ஐஸ்பழக்காரரே, மீன்காரரே, உங்களுக்கு என் பாடு விளங்கும்.

அம்மா என்றுதான் சொன்னது

மீனவர் வீடு ஒன்று. சுகந்தி என்ற பிள்ளை தன் மகனுக்கு மாதக்கணக்காக 'அம்மா' சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை அவன் இடுப்பில் இருந்தபடி என் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, மணி அடித்த மாதிரி, "பாண்" என்றான். அவள் முகம் வாடிப்போயிற்று. நான் உடனே நந்தி மேல் ஆணையிட்டேன். "அம்மா எண்டுதான் சொன்னவன், மகள். என்ட ரெண்டு காதாலயும் கேட்டன்."

யோசித்துப் பார்த்தால் பிள்ளையில் பிழை இல்லை. தாய் நாள் முழுக்கப் பக்கத்தில் இருக்கிறாள், ஏன் கூப்பிட வேண்டும்? பாண் ஒருதரம் வருகிறது, நின்று பார்ப்பதற்குள் போய்விடுகிறது. சுகந்தி இறாத்தல் பாணை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "பத்து மாசம் சுமந்தது நான், இவன் கூப்பிடுறது உங்கட பாணை. பரவாயில்ல மாமா, நீங்க சொன்ன பொய்யையே நான் வைச்சுக்கொள்ளுறன்."

வாவிக்கரைப் பணிஸ்

சுகந்தியின் மகனுக்கு இரண்டாம் சொல்லும் என் பெட்டிக்குள் இருந்துதான் வந்தது. சீனி தூவி, முதலை மாதிரி நீட்டிச் சுடுகிற பணிஸ் ஒன்று எங்களிடம் உண்டு. அதைக் கையில் பிடித்து, "பணிஸ்" என்று சொல்லப் பழகிவிட்டான். பிறகு ஒருநாள் தகப்பன் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு வாவிக்கரையில் வலை காயப்போட்டார். நீரோரத்துக் கண்ணாப் பற்றைக்குப் பக்கத்தில் நிசமான முதலை ஒன்று வாயைப் பிளந்து வெயில் காய்ந்தது. பிள்ளை அதைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டி, "பணிஸ்" என்றான்.

முதலை வாயை மூடியது. இத்தனை வயதில் தன்னை ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை என்ற மாதிரிக் கொஞ்ச நேரம் பார்த்தது, பிறகு வெட்கப்பட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப் போயிற்று. தகப்பன் பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி என்னிடம் வந்தார். "மாமா, நாளையில இருந்து மீன் மாதிரி ஏதும் சுட்டுக்கொண்டு வாங்க. உங்கட பணிஸால என்ட புள்ள ஒருநாள் முதலைக்குச் சீனி தூவப் போறான்."

பொய் வராத காலை

அடுத்த ஒழுங்கையில் வதனி வீடு. மகன் கவினுக்கு இரண்டரை வயது, ஒரு சொல் இல்லை. தகப்பன் ரவிக்குக் கட்டாரில் வேலை. பிள்ளைக்கு இரண்டு மாதமாக இருக்கும்போது போனவர். ஒவ்வொரு காலையும் வேலை பஸ் வருமுன் போனில் முகம் காட்டி, "அப்பா சொல்லு மனே" என்று காத்திருப்பார். பிள்ளை கண்ணாடியைத் தடவிப் பார்க்கும், அவ்வளவுதான். காதைச் சோதிக்க வேண்டும், பட்டணத்துக்குக் கொண்டு போங்கள் என்று கிளினிக் நேர்ஸ் மிஸ் சொல்லிவிட்டார்.

வதனி படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் ஒரு சத்தியம் பண்ணிவிடத் தேடினேன். வாய்க்கு ஒன்றும் வரவில்லை. அவள் கேட்டாள்: "இவனுக்குக் காது கேக்காட்டி, நான் இவ்வளவு நாளும் பாடின தாலாட்டெல்லாம் ஆருக்கு மாமா?"

ராகம் இல்லாமல் போன நாள்

மறுநாள் ஒழுங்கை திரும்புகிற முடக்கிலேயே ராகத்தையும் இஞ்சினையும் நிற்பாட்டி, ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போனேன். வரம்பில் நின்ற கொக்குகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. வழக்கமாக எனக்கு முன்னால் படலைக்கு ஓடி வருகிற கவின் அன்று முதுகைக் காட்டிக்கொண்டு சிரட்டையில் மண் அள்ளினான். திரும்பவே இல்லை. வதனி கண்ணைத் துடைக்கத் தொடங்கினாள்.

பொறு மகள் என்று கை காட்டிவிட்டு, ராகத்தை மெதுவாக, மெதுவாகத் திறந்தேன். பனிப்புகாருக்குள்ளால் நூல் மாதிரி அது போயிற்று. சிரட்டை விழுந்தது. பிள்ளை ஓடி வந்தான். பட்டணத்து டொக்டரும் பிறகு காது சுகம் என்றுதான் சொன்னார், ஆனால் வதனி அன்றைக்கே நிலத்தில் குந்திவிட்டாள். "மாமா, அப்ப நான் பாடினதெல்லாம் இவனுக்குள்ளதான் இருக்கு."

நில்லு

பிறகு ஒன்றைக் கவனித்தேன். கவின் கையை நீட்டுமுன் பணிஸ் கையில் இருக்கும், அழுமுன் தண்ணீர் வாயில் இருக்கும். வாய் விட்டுக் கேட்பதற்கு அவனுக்கு இடமே இல்லை. "கொஞ்சம் பொறுத்துக் குடு மகள்" என்றேன். நானும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நூறு எண்ணிவிட்டுத்தான் பணிஸைக் கொடுப்பேன். ஒன்பது நாள் எண்ணினேன். பத்தாம் நாள் வானம் நல்ல வடிவாக இருந்தது. எண்ணிக்கொண்டே என்னை மறந்து, பணிஸைக் கொடுக்காமலே ஓட்டோவை எடுத்துவிட்டேன்.

பின்னால் ஒரு சின்னக் குரல்: "நில்லு."

ஒழுங்கையில் எல்லோரும் என் பின்னால் ஓடி வந்து கத்துகிற சொல் அது. நான் போட்ட பிரேக்கில் வாவி ஒருதரம் மறுகரைக்குச் சாய்ந்து திரும்பி வந்தது. வதனி கையில் போனோடு அப்படியே நின்றாள். போனுக்குள்ளே ரவி ஒன்றும் அறியாமல், "பஸ் வந்திட்டு வதனி, வைக்கிறன்" என்றார். பிள்ளை என்னை விட்டுவிட்டுப் போனைப் பார்த்தான். அதற்கும் சொன்னான், "நில்லு."

கட்டாரில் பஸ்ஸின் ஹோர்ன் இரண்டு தரம் கேட்டது. பிறகு ரவியின் குரல்: "பஸ் போகட்டும் வதனி. என்ட மகன் நில்லெண்டுறான், நான் நிக்கிறன்."

ஆக, போகப் புறப்படுகிறதைத்தான் பிள்ளை முதலில் கூப்பிடும் என்பதால், 'அம்மா' கேட்க ஆசைப்படுகிற தாய்மார் ஒருநாள் ஓட்டோவில் ஏறிப் புறப்பட்டுப் பார்க்கலாம். ஆனால் இதை நான் சொன்னதென்று படுவான்கரையில் மட்டும் மூச்சும் விட்டுவிடாதீர்கள், அங்கே பதினேழு தாய்மாருக்கு "அம்மா எண்டுதான் சொன்னவன்" என்று அதே நந்தி மேல் சத்தியம் பண்ணி வைத்திருக்கிறேன்.