முனியாண்டிக்கு நேர்ந்த மொட்டைச் சேவல்

வீரய்யாவின் வாழ்க்கையில் பெரிய இழப்புகள் மூன்று. முதலாவது, இருபத்தெட்டு வயதிலேயே விடைபெற்றுப் போன உச்சந்தலை முடி. இரண்டாவது, தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் நின்று நின்றே தேய்ந்துபோன இடுப்பு. இவை இரண்டையும் தாங்கிக்கொண்ட மனிதரை மூன்றாவது சாய்த்துவிட்டது. ஐப்பசி மழை பிடித்த வாரத்தில், மார்பும் முதுகும் இறகு கொட்டி, வாலும் உதிர்ந்து, பீலித் தண்ணீரில் குளிக்கப் போன இடத்தில் துணியைக் களவு கொடுத்தவனைப் போல அவருடைய சேவல் லயத்து வரிசைவீட்டு வாசலில் வந்து நின்றது.

அதன் பெயர் தொரை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், எல்லாரையும் அதட்டியபடி காலையில் அது நடக்கும் நடையைப் பார்த்து வட்டகொடைப் பக்கத்து அந்தத் தோட்டமே வைத்த பெயர். தோட்டத்தை நிர்வகிக்கும் அசல் தொரைக்கும் இது தெரியும். தெரியாதது போல ஜீப்பில் போய்விடுவார்.

"தொரை அம்மணமா நிக்கிறாரு, யாராச்சும் ஒரு கம்பளி போத்துங்கடி" என்று கொழுந்து பறிக்க மலைக்குப் போன பெண்கள் சிரித்தார்கள். வீரய்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தொரை முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல். தாத்தா காலந்தொட்டு, தை மாதப் பூசையில் முதல் காவு அவர்கள் வீட்டுச் சேவல்தான். கல்யாணமாகி நாலு வருஷம் வெறும் வயிற்றோடு கோயில் கோயிலாக ஏறிய மகள் நிஷாந்தி இந்த வருஷம் உண்டானதும், 'தொரையையே தர்றேன் சாமி' என்று வாக்குக் கொடுத்திருந்தார். மசக்கை தாங்காமல் அவள் புருஷன் வீடிருக்கும் நல்லதண்ணியிலிருந்து தாய்வீட்டுக்கு வந்து படுத்துக் கிடந்தாள்.

பூசாரி கந்தப்பன், வீரய்யாவின் மனைவி ராக்காயிக்கு அண்ணன். வந்தார். சேவலைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"முழுச் சேவல்தான் மச்சான் சாமிக்கு ஆகும். இதக் கொண்டாந்து நிறுத்துனா, அதுக்கு நீயே வாடான்னு என்னையப் புடிச்சுக்கும்."

"தைக்கு இன்னும் ரெண்டரை மாசம் கெடக்கே."

"மொளச்சா பாப்போம். மொளைக்காட்டி எங்கூட்டுச் சேவல் இருக்கவே இருக்கு." முகத்தைத் துக்கமாகத்தான் வைத்திருந்தார். மீசை மட்டும் சிரித்தது.

அன்று மாலையே வீரய்யா போரைத் தொடங்கினார். கண்ணூறு என்று முடிவுகட்டிக் காய்ந்த மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டதில், லயத்தின் பன்னிரண்டு வீடும் இருமின. மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துச் சேவலின் முதுகில் தேய்த்ததில், தொரை போட்ட கூச்சல் ரயிலடி வரை கேட்டது. சாப்பாட்டிலும் குறை வைக்கவில்லை. தோட்டத்தில் மனிதனைப் பிழைக்க வைத்திருப்பது எதுவோ அதையே சேவலுக்கும் கொடுத்தார். காலையில் கோதுமை ரொட்டி, மத்தியானம் ரொட்டி, தொட்டுக்கொள்ளச் சீனி போட்ட பிளேன்டீ. மூன்று வாரத்தில் தொரைக்குத் தொந்தி விழுந்தது. ஓர் இறகும் வரவில்லை.

கடைசியில் சேவலை மஃப்ளரில் சுற்றி, ரயிலடிக்குத் தூக்கிப் போனார். ஹட்டனில் விஞ்ஞானம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துச் சிவபாதம் மாஸ்டர் அங்கே காலை ரயிலுக்கு நிற்பார்.

"சேர், இதுக்கு என்ன சீக்குன்னு பாருங்க."

மாஸ்டர் மஃப்ளரை விலக்கிப் பார்த்தார். "சீக்கு ஒண்டும் இல்லை. பழைய இறகைக் கொட்டிப்போட்டுப் புதுசு போடப் பாக்குது. என்ன தீன் போடுறீர்?"

"ரொட்டிங்க சேர். டீயும் குடுக்கிறேன்."

"இறகு முழுக்கப் புரதம் வீரய்யா. ரொட்டியில எங்கால புரதம்? நெத்தலித் தலை, அவிச்ச பருப்பு, மண்புழு, அவிச்ச முட்டை, இப்பிடிக் குடும். எண்ணெய் பூசிறதை விடும். முளைக்கிற குருத்துக்குள்ள இரத்தம் ஓடும். தொட்டாலே நோகும்."

ரயில் வந்தது. மாஸ்டர் ஏறும்போது, வீரய்யா தொப்பியைக் கழற்றித் தன் தலையைக் காட்டினார். "சேர், நெத்தலி இதுக்கும் கேக்குமா?"

"அது தாண்டிப் போன ஸ்டேசன். திரும்பி வராது" என்றார் மாஸ்டர்.

வீட்டில் இன்னொரு போர். "கோழிக்குக் கோழி முட்டையா?" என்று ராக்காயி இடுப்பில் கை வைத்தாள். "எம்மக முட்டையக் கண்டாலே ஓங்கரிக்கிறா. இந்த மொட்டையனுக்கு மட்டும் அவிச்சுத் தோல் உரிக்கணுமாக்கும்."

"எந்த மொட்டையனச் சொல்ற?"

"ரெண்டு பேரையுந்தான்."

முட்டை மறுக்கப்பட்டது. நெத்தலித் தலைகள் மட்டும் கிடைத்தன. வீரய்யா தண்ணீர் ஓடும் கான் ஓரங்களைக் கிளறி, மண்புழுவை டின்னில் பிடித்து வந்தார். சேவலைத் தொடவில்லை. எட்டி உட்கார்ந்து, தவமிருக்கும் முனிவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாம் நாள், முதுகில் நீலநீலமாகக் குருத்து எட்டிப் பார்த்தது. வீரய்யா அழுதார். மகள் பிறந்தபோதுகூட அப்படி அழவில்லை என்று ராக்காயி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

மார்கழி முடிவதற்குள் தொரை ராஜாவானது. கழுத்தில் பொன், முதுகில் செம்பு, கரும்பச்சை வால் அரிவாள் போல வளைந்து மினுங்கியது. கந்தப்பன் வந்து பார்த்து, "ம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒற்றை எழுத்துக்காக வீரய்யா ஒரு வாரம் நிமிர்ந்து நடந்தார்.

பூசைக்கு மூன்று நாள் இருக்கையில் தோட்டத்து மிட்வைஃப் மிஸ்ஸி வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் நிஷாந்தியின் கிளினிக் அட்டை.

"ரெண்டு மாசமா நிறை கூடவே இல்ல. குடுத்த திரிபோஷா மாவெல்லாம் எங்க போச்சு?"

"சாப்பிட்டேன் மிஸ்ஸி" என்ற நிஷாந்தி, மிச்சமிருந்த சத்துமாப் பையை எடுத்துக் காட்டினாள். பை சரசரத்ததுதான் தாமதம். எங்கிருந்தோ பறந்து வந்த தொரை, ஜன்னலில் ஏறி நின்று, தினமும் வாங்கிச் சாப்பிட்டுப் பழகிய உரிமையோடு கழுத்தை உள்ளே நீட்டியது.

 பையைப் பார்த்துக் கொக்கரித்தது.

"எனக்கு அந்த வாடையே ஆவலப்பா" என்று நிஷாந்தி தலை குனிந்தாள். "வீசுறதுக்கு மனசு வரல. அதான் அதுக்கு..."

மிஸ்ஸி, சேவலை மேலிருந்து கீழே பார்த்தார். "ஒங்க சேவலுக்கு நல்லா ஏறியிருக்கு. புள்ளைக்குத்தான் ஏறல. இப்படியே போனா நிறையில்லாத கொழந்ததான் பொறக்கும். மீனோ, எறைச்சியோ, எது எறங்குதோ அதக் குடுங்க."

அவர் போன பிறகு வீரய்யா, மகளின் மணிக்கட்டைப் பார்த்தார். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. வாசலில் தொரையைப் பார்த்தார். அதன் தொடை மட்டுமே மகளின் கை அளவு இருந்தது.

"என்ன புள்ள எறங்கும் ஒனக்கு?"

நிஷாந்தி வளையலை மேலே தள்ளிவிட்டாள். "நாட்டுக்கோழிக் கொழம்புன்னா எறங்கும்பா."

முனியாண்டிக்கு வெட்டும் சேவல் வீட்டுக்கு வராது. கோயிலடியிலேயே ஆண்கள் ஆக்கி, ஆண்களே தின்று, எலும்பை அங்கேயே புதைக்க வேண்டும். பெண்ணுக்கு ஒரு துண்டும் கிடையாது. வயிற்றுப்பிள்ளைக்காரி அந்தப் புகை படும் இடத்தைக்கூட மிதிக்கக் கூடாது. மகளுக்கு வந்த சத்தெல்லாம், கந்தப்பன் வயிற்றுக்கும் அவருடைய நாலு கூட்டாளிகள் வயிற்றுக்கும் போகப்போகிறது. மூன்று தலைமுறை மானம் ஒரு பக்கம், முழங்கைக்கு ஏறிய வளையல் ஒரு பக்கம். வீரய்யா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஃபெக்டரியில் கொழுந்தைத் தேவைக்கு மேல் வாடவிட்டு, டீமேக்கரிடம் ஏச்சு வாங்கினார்.

பூசைக்கு முதல் நாள் காலை, கோயில் இருந்த திசைக்குக் கும்பிட்டார். "சாமி, ஒனக்கு நேந்ததே இவளுக்காகத்தான். ஒனக்குச் சுருட்டு ரெண்டு கூட வைக்கிறேன். கணக்கு சரி."

மத்தியானம் கோழிக் குழம்பில் லயமே மணந்தது. நிஷாந்தி மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தபோது, கந்தப்பன் வாசலில் வந்து நின்றார். நாளைய பூசைக்குச் சேவலைப் பார்க்க வந்தவர்.

"தொரையக் காணோமே மச்சான்."

"ஓடிப்போச்சு மச்சான். கீரி, கீரி தூக்கியிருக்கும். நாளைக்கு ஒங்கூட்டுச் சேவலே நிக்கட்டும்."

"அப்ப இது?"

"ஹட்டன்ல வாங்குன புரொய்லர்."

கந்தப்பன் குனிந்து, வாசல் கானிலிருந்து ஒன்றை எடுத்தார். கரும்பச்சை வால் இறகு, மழைத்துளியோடு மினுங்கியது. "புரொய்லருக்கு இப்பெல்லாம் நல்லாத்தான் வால் மொளைக்குது" என்றார்.

வீரய்யா குழம்புச் சட்டியை மூடினார். கந்தப்பன் இறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, தலை தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கச்சி மகளைப் பார்த்தார். அவள் விரலைச் சூப்பிக்கொண்டே, "வாங்க மாமா, சாப்பிடுங்க" என்றாள்.

"நாளைக்கு வரைக்கும் வெரதம் புள்ள." இறகைச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டார். இரண்டு அடி போனவர் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ராக்காயி, ஒரு தொடைய மூடி வையி. பூசை முடிச்சிட்டு வந்துர்றேன்" என்றார்.

"தொட ரெண்டும் அவ தின்னுட்டா அண்ணே. கழுத்துதான் கெடக்கு."

"கழுத்துன்னாலும் வையி."