சாவி எங்கிருந்து வந்தது, எங்கே போனது

நான் மலை வழிகாட்டி. இன்று ஓர் இத்தாலிப் பெண்ணை வெள்ளகவிக்கு நடத்திக் கூட்டிப்போய், மழையில் தொப்பலாக நனைந்து கொடைக்கானல் விடுதிக்குத் திரும்பினோம்.

அறை பூட்டியிருந்தது. "கியாவே?" என்றாள். அவர்கள் மொழியில் சாவி.

விடுதிக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா தம்பி, நம்ம சாவி இத்தாலி வரைக்கும் போயிருக்குங்க."

"அது போர்ச்சுக்கீசியர் கொண்டாந்த சொல்லுங்க. அவங்களுக்கு சாவே, ஸ்பெயின்ல யாவே, பிரான்ஸ்ல கிளே. எல்லாம் லத்தீன் கிளாவிஸ்ல இருந்து வந்தது. நம்ம சொல்லு திறவுகோல், அத நாம தொடுறதே இல்ல. மொதல்ல சாவியக் குடுங்க."

"கூட்டிப் பெருக்குற செல்வி இடுப்புல சொருகிக்கிட்டு கிருத்திகைக்குப் பழனி போயிருச்சு. வந்துரும்."

பிறகு இத்தாலிப் பெண்ணிடம் திரும்பி, "தமிழ்தான் முதல் மொழி, சரிதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டு வீடியோவும் எடுத்தார்.

அது இப்போது முகநூலில் ஓடுகிறது: "இத்தாலியப் பெண்ணே தலையசைத்து ஒப்புக்கொண்டார்."

அவள் ஒப்புக்கொள்ளவில்லை ஐயா, குளிரில் நடுங்கினாள். இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். இதை வாசலில் நின்றுதான் எழுதுகிறேன். செல்வி வரவில்லை.

அந்த வீடியோவுக்குக் கீழே 'வாழ்க தமிழ்' போட்டவர்களில் யாரிடமாவது மாற்றுச்சாவி இருந்தால் கொண்டு வாருங்கள்.