கேட்டுக்கு வந்த போன்

மௌலா அலியில் எங்கள் வீட்டுக்கு இரும்புக் கதவு. அன்று காலை மாரெட்பள்ளியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஆட்டோவில் திரும்பி வந்தால், கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. மனைவி சமையல் வேலைக்குப் போயிருந்தாள். உள்ளே அப்பா மட்டும்தான்.

"அப்பா, திறங்க."

"நக்கோ, நக்கோ! திறக்க முடியாது. கேட் மூடியாச்சு. ஹார்ன் அடிச்சா திறந்துடுவேனா?"

அப்பா ரயில்வேயில் லெவல் கிராசிங் கேட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாப்பிட்டதை மறந்தார், என் பெயரை மறந்தார். அதெல்லாம் பழகிப்போயிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கதவை ஒட்டி நாற்காலி போட்டு, தோளில் சிவப்புத் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கேஸ் அடுப்பு எரிகிறது. மேலே வெறும் பாத்திரம் கருகுகிறது. பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பா இளகி வழிகிறது.

தட்டினேன், கெஞ்சினேன்.

"கத்துய்யா, நல்லாக் கத்து. உன்னை மாதிரி எத்தனை லாரிக்காரனைப் பார்த்திருக்கேன்!"

எதிர்வீட்டம்மா கடப்பாரை தேடி ஓடினாள். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். ரயில் போனதும் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் ஒரு நம்பர் சொல்வார். அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அப்பா கேட்டைத் தொடுவார். அதுவரை யார் வந்து திட்டினாலும் அசையமாட்டார்.

செல்போனை எடுத்து வீட்டு போனுக்கு அடித்தேன். நாற்காலிக்குப் பக்கத்திலேயே மணி அடித்தது.

"கேட் பேசறேன் சார்."

அந்தக் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. மாஸ்டர்கள் அவரிடம் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"வண்டி போயாச்சு. நம்பர் நாற்பத்தேழு. கேட்டைத் திற."

பிறந்ததிலிருந்து அப்பாவிடம் நான் ஒருமையில் பேசியதில்லை.

"நாற்பத்தேழு. சரி சார்." கொஞ்சம் நிறுத்தினார். "குரல் புதுசா இருக்கே. புது மாஸ்டரா சார்?"

"ஆமா."

தாழ் விலகியது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அப்பா வாசலில் நின்று, "போங்க, போங்க, சீக்கிரம்" என்று கூட்டத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். சிலர் சிரித்தார்கள். நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது சிலிண்டரை மூடிவிட்டுத்தான் வெளியே போகிறோம். ஆனாலும் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து தினமும் போன் செய்கிறேன். கூட இருக்கும் டிரைவர்களுக்குக் கேட்காதபடி தள்ளிப் போய் நின்றுகொள்வேன்.

"கேட் எப்படி இருக்கு?"

"எல்லாம் சரியா இருக்கு சார்."

வீட்டுக்குப் போனால், "யார் நீ?" என்று கேட்கிறார். தட்டை வைத்துச் சோறு போடுகிறேன்.