மோனே என்றொரு ஒப்பாரி

மோகனசுந்தரம் வீட்டை விட்டுப் போனது மாகாளியம்மன் நோன்பின் கடைசி நாளில், மஞ்சள் நீராட்டன்று. கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியில் அந்த ஒரு நாள் வெள்ளைச் சட்டை என்று ஒன்று மிஞ்சாது. அவனுடைய சட்டையையும் யாரோ முறைப்பெண்கள் நனைத்திருந்தார்கள். நனைந்த சட்டையோடு கோயில் வாசலில் ஜமாப்பு மேளக்காரர்களுக்கு நடுவே நின்று மேளம் அடித்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய அய்யன் வந்தார். அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. மகன் கையிலிருந்த குச்சியை வாங்கி மேளக்காரரிடம் கொடுத்தார்.

"கையைக் கழுவிட்டு ஊட்டுக்குள்ள வா" என்றார்.

மேளக்காரர் தரையைப் பார்த்தார். மோகனசுந்தரம் அவரைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான்.

"கழுவ மாட்டனுங்க."

அந்தப் பேச்சு தங்கை காளியாத்தாளின் காதில் விழவில்லை. அண்ணன் வேலந்தாவளம் பஸ்ஸை நோக்கி நடப்பதுதான் தெரிந்தது. கடைக்குப் போகிறான், கூடப் போனால் ஏதாவது வாங்கித் தருவான் என்று பின்னாலேயே ஓடினாள். "மோனே! மோனே!" என்று கத்தினாள். மோகன் என்று சொல்ல வராத வயதில் அவள் நாக்கு கண்டுபிடித்த பெயர் அது. பாவாடை தாவணி போட்ட பிறகும் மாறவில்லை. மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு 'மகனே' என்று அர்த்தம். கண்டக்டர் மலையாளி. படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்து, "குட்டீ, இவன் நின்றெ மோனாணோ?" என்று கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அண்ணனும் சிரித்தான். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

அவள் கடைசியாகப் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான்.

பிறகு அவனைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் காற்றுவாக்கில் வந்த பேச்சு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஆனைகட்டியில் ஏதோ கோயில் விசேஷத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்தான் என்றார் இன்னொருவர். அய்யன் செத்தபோது கொள்ளி வைக்கப் பங்காளி மகனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அன்றைக்குப் பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து வட்டமாக உட்கார்ந்து அழுதபோது காளியாத்தாளின் குரல் மற்ற குரல்களை மிதித்துக்கொண்டு மேலே போனது. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தார்கள்.

பெருமாட்டியில் தென்னந்தோப்புக்காரர் கருப்புசாமிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அந்தக் குரலைத் தேடி ஆள் வந்தது. எந்த ஊர் எழவானாலும் காளியாத்தாளுக்குச் சொல்லிவிடுவார்கள். எழவு வீட்டில் ஒவ்வொருத்தியும் அழுவது அவரவர் பிணத்துக்காகத்தான், அது எல்லாருக்கும் தெரியும். கிடப்பவர் யாராக இருந்தாலும், பக்கத்தில் அழுகிறவள் தன் ஆத்தாளையோ புருஷனையோ நினைத்துத்தான் மாரில் அடித்துக்கொள்கிறாள். காளியாத்தாளுக்கு அண்ணன் நினைப்பு வரும். ஆனால் அவன் பெயரை அவள் வாய் ஒருநாளும் சொன்னதில்லை. உயிரோடிருப்பவனுக்கு ஒப்பாரி வைத்தால் அது அவனைத் தேடிக்கொண்டு போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

கொரோனா வந்த ஆண்டு பக்கத்துத் தோப்புக் குப்பண்ணன் இறந்தார். ஆள் கூடக் கூடாது என்று உத்தரவு. பெண்கள் கட்டிப்பிடித்து அழ வழியில்லை. மறுநாள் மைக்செட் பூபதிராஜா தோப்புக்கு வந்தான். கல்யாணம், காதுகுத்து, எழவு எல்லாவற்றுக்கும் அவனுடைய ஸ்பீக்கர் பெட்டிதான். வாயில் துணி கட்டியிருந்தும் பேச்சு மட்டும் குறையவில்லை.

"எழவூடு மாதிரியே இல்லீங்கக்கா. கரண்டு ஆபீசாட்டம் கம்முனு கெடக்குது. நீங்க போன்ல நாலு வரி பாடிக் குடுங்க. நான் பெட்டில போட்டுக்கறனுங்க."

"எழவில்லாத ஊட்டுல எழவு பாடச் சொல்றியா? உன்ற வாயில வசம்பு வெச்சுத் தேய்க்கோணும்."

கட்டிலில் படுத்திருந்த கருப்புசாமி தலையைத் தூக்காமலே சொன்னார். "ஊட்டுக்குத்தான ஆகாது. மோட்டார் ரூமுக்குள்ள போயிப் பாடறது. மோட்டாருக்கு ஆரு பங்காளி?"

அப்படித்தான் அது மோட்டார் அறைக்குள் நடந்தது. மோட்டாரை நிறுத்தினார்கள். தேங்காய் மட்டைக் குவியல்மேல் பூபதிராஜா போனை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். காளியாத்தாள் வழக்கமான வரிகளில் தொடங்கினாள். குரல் வந்தது, அழுகை வரவில்லை. முன்னால் பிணமில்லை, தோளில் சாய ஆளில்லை. ஈரச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் ஜன்னலில் ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது.

*மஞ்சத் தண்ணி காயலையே, மோனே,*
*மாத்துச் சட்டை எடுக்கலையே.*
*போன பஸ்சு திரும்பிருச்சே, மோனே,*
*போன சனம் வந்திருச்சே.*

என்ன பாடினோம் என்று அவளுக்கு உறைத்தபோது பூபதிராஜா உள்ளே வந்து போனை எடுத்துவிட்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அழித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் உயிரோடு இருக்கிறானோ இல்லையோ. இருந்தால் இது பாவம். இல்லையென்றால், அவனுக்காக அழ இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டுக்கும் நடுவில் வாய் ஒட்டிக்கொண்டது.

பூபதிராஜா அதற்கு அடியில் கீபோர்டு சேர்த்தான், தூரத்தில் கேட்கிற மாதிரி ஜமாப்பு சேர்த்தான். பாட்டு கையைவிட்டுப் போயிற்று. தமிழ் வீடுகளில் கேட்டார்கள். மலையாளி வீடுகளிலும் கேட்டார்கள். மோனே என்று கேட்டதும், மகனைப் பறிகொடுத்த ஏதோ ஒரு தாய் பாடுகிறாள் என்று பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பெண்கள் தேம்பினார்கள். போன் போனாகத் தாவி அட்டப்பாடி போயிற்று, மலையேறி இடுக்கி எஸ்டேட்டுகளுக்கும் போயிற்று.

நோய் போன பிறகு எழவு வீடுகளுக்குப் பெண்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் பழைய வட்டம் கூடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து, பெட்டியிலிருந்து வந்த காளியாத்தாளைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தார்கள். ஒருமுறை வேலந்தாவளத்தில் ஒரு எழவுக்கு அவள் நேரில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். ஒரு கிழவி அவள் தொடையைத் தட்டினாள்.

"சித்த கம்முனு இரு அம்மிணி. பொட்டில அவ எத்தன அழகா பாடறா, கேக்க உடு."

காளியாத்தாள் கம்மென்று இருந்தாள். அவளுக்கு முன்பே அவள் குரல் அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு உச்சி வெயிலில் கொப்பரை காயப் போட்டுக்கொண்டிருக்கும்போது காற்று திரும்பினால் போதும், எந்தத் திசையிலிருந்தோ 'மோனே' என்று கேட்கும். யார் செத்தார்கள் என்று தெரியாது. எங்கோ யாரோ செத்திருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் அவள் அண்ணனை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை ஊர்களில், எத்தனை பாடையில்! தோப்புக்குள் தேங்காய் விழுந்தால்கூடத் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சந்தைக் கூட்டத்தில் மஞ்சள் சட்டை எதிர்ப்பட்டால் முகத்தைப் பார்க்காமல் விலகி நடந்தாள். சோற்றில் கை வைத்திருக்கும் நேரத்தில் குரல் வந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "உன்ற பாட்டு, உனக்கே பேயாட்டமா?" என்று கருப்புசாமி கேலி செய்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் நேராகப் பூபதிராஜாவின் கடைக்கே போனாள்.

"அந்தப் பாட்டை நிறுத்து சாமி."

"ஏனுங்கக்கா? சேட்டன்மாரும் சேர்ந்து அழுவட்டும்னுதான மோனேன்னு போட்டீங்க? நல்ல ரோசனைன்னு நான் போற பக்கமெல்லாம் சொல்லீட்டுத் திரியறேன்."

"அது மகனில்லடா. எங்கண்ணன். மோகன்."

பூபதிராஜா கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தான். "மேளம் அடிச்சுட்டுப் போனாருன்னு சொல்லுவாங்களே, அவருங்களா?" குரல் இறங்கியது. "உசுரோட இருக்கறவருக்கா பாடுனீங்க?"

"இருக்கறானா இல்லையான்னு ஆரு கண்டா?"

"என்ற போன்ல இருந்து அழிக்கிறனுங்க. ஆனா ஒவ்வொருத்தர் போன்லயும் போயி நான் எப்படீங்கக்கா அழிப்பேன்? இது தண்ணியாட்டங்க. மடையத் தொறந்தாச்சு."

அவளுக்கு எதிரிலேயே அழித்தான். அன்றைக்கு அவள் வீடு போய்ச் சேருவதற்குள், தெரியாத ஒரு தெருவிலிருந்து அது மறுபடி கேட்டது.

இன்னொரு காரியமும் நடந்தது. அவள் வாயைத் திறந்ததைப் பார்த்து மற்ற பெண்களும் திறந்தார்கள். கவுண்டர் வீட்டுப் பெண்கள் மைக்கில் பாடுவதா என்று முதலில் முணுமுணுத்த ஆண்களே பிறகு அவர்களைப் பாடக் கொண்டுபோய் விட்டார்கள். பாட்டுக்குப் பின்னால் மேளம் வந்தது. பூபதிராஜாவின் அண்ணன் மகள் செல்வப்பிரியா பத்துப் பதினைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஜமாப்பு பழகினாள். சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பழைய மேளக்காரரின் பேரன். சென்ற நோன்பில் மாகாளியம்மன் கோயில் வாசலில் அவர்கள்தான் அடித்தார்கள். முழங்கை வரை மஞ்சள், வியர்வை, சிரிப்பு. ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் நின்று போனில் படம் பிடித்தார்கள். முடிந்ததும் பெண்கள் அப்படியே பந்திக்குப் போனார்கள். கையைக் கழுவு என்று யாரும் சொல்லவில்லை. சாப்பிடுவதற்காகக் கழுவினார்கள், அவ்வளவுதான்.

செல்வப்பிரியா ஓடி வந்து காளியாத்தாளின் தோளைப் பிடித்தாள். "எப்பிடி இருந்துச்சுங்க அத்தை?"

"நல்லா அடிச்ச கண்ணு."

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. இதற்காகவா அவன் போனான்? கொஞ்சம் பொறுத்திருந்தால் போதுமாயிருந்ததே. அவன் இதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டானென்றால் அவனைக் கொண்டுபோனது தன் வாய்தானோ என்ற கேள்வி, மேளச் சத்தம் ஓய்ந்த இடத்தில் வந்து நின்றுகொண்டது. கோயிலுக்குள் போய் அம்மனிடம் கேட்கவும் பயம். வெளியிலேயே கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு மத்தியானம் பூபதிராஜா நனைந்துகொண்டே தோப்புக்குள் ஓடி வந்தான். கடை நம்பருக்கு யாரோ பேசி அனுப்பியிருக்கிறார்கள் என்றான். போனை அவள் கையில் கொடுத்தான். சின்னப் பெண்ணின் குரல். மலைக்காற்று ஊடே இரைந்தது.

"அத்தை, என் பேரு சிஞ்சு. மூணாறு பக்கம் எஸ்டேட்ல இருந்து பேசுறேன். எங்க அப்பா பேரு மோகனசுந்தரம். இங்க எல்லா எழவுக்கும் கொட்டு அடிக்கிறது அவருதான். முந்தாநாளு எங்க லயத்துல மாரித்தாய் பாட்டி செத்துருச்சு. செட்டுக்காரவுக உங்க பாட்டப் போட்டாவ. இதுக்கு முன்னாடி அவரு அதக் கேட்டதே கெடையாது. கேட்டதும் அடிக்கிறத நிறுத்திட்டாரு. 'அணைங்கடா அத, அது எனக்குப் பாடுனது'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாவ, குடிச்சிருக்காருன்னாவ. குடிக்கல அத்தை, அவரு குடிக்கவே மாட்டாரு. வீட்டுக்கு வந்தவரு ரெண்டு நாளா ஒரு வாய் சோறு திங்கல. எனக்கு அத்தைன்னு ஒருத்தவுக இருக்கீகன்னு இன்னைக்குத்தான் சொன்னாரு. நம்பரத் தேடி நான்தான் பேசுறேன், அவரு பேச மாட்டேங்காரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கச் சொன்னாரு. பாட்டோட நிறுத்திக்கிட்டாளா, இல்ல தலையும் முழுகிட்டாளான்னு கேளுங்காரு. முழுகலன்னா வாராராம்."