அரளிப் புழு

வேங்கிக்கால் வீட்டுச் சுவரில் இன்று ஒரு பச்சை அந்துப்பூச்சியைப் பார்த்ததுமே, அடி அண்ணாமலையில் இப்போது வண்டிகள் நிற்கும் இடமாகிவிட்ட எங்கள் அரளித் தோட்டத்தின் வாசனை மூக்கில் ஏறியது. சிறுவயதில் அங்கே மாலை கட்டப் பூப்பறிக்கையில் பிடித்த, நீலக் கண்பொட்டு வைத்த பச்சைப் புழுவை டப்பாவில் போட்டு, அரளி இலை கொடுத்து வளர்த்தது நான்தான். ஒருநாள் அது இலை தின்னாமல் பழுப்பாகிச் சுருங்கவும், "சாவப்போவுது, நீயே வச்சிக்கோ" என்று பக்கத்து வீட்டுச் செல்வியிடம் கொடுத்துவிட்டேன். அவள் சருகுக்குள் விட்டாள். கூட்டுப்புழுவாகிக் கிடந்து, பச்சை இறக்கையோடு வெளியே வந்து, அவள் கையில் ஏறி உட்கார்ந்தது. தெருவே பார்த்தது. எனக்கு வயிறு எரிந்தது.

சுவரிலிருந்த பூச்சியைப் போனில் படமெடுத்துத் தேடிய மகள், "அரளி அந்துப்பூச்சியாம்ப்பா, கடல் தாண்டிக்கூட போவுமாம். இது எங்கேருந்து வந்திருக்கும்?" என்றாள்.

"என் டப்பாவுலேருந்துதான்" என்றேன், செல்வி பேரைச் சொல்லாமல்.