மூன்று மொழியில் கேட்ட ஆட்டம்

என் நைனா ரேணிகுண்டா ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். அடுத்த வீட்டுக்காரர் தெலுங்கர், கூட்ஸ் வண்டி கார்டு. ரயில்வே ஹாக்கி டீமில் இருவரும் பல வருஷம் சேர்ந்து ஆடியவர்கள். நைனா முன்வரிசை, அவர் கோல்கீப்பர்.

ஆந்திரா தனி மாநிலமானதும் மதராஸோடு எல்லைத் தகராறு கிளம்பியது. புத்தூர் தமிழர்களுக்கே என்று நைனா ஊர்வலத்தில் கோஷம் போட்டார். ஒரு பிடி மண்ணும் தரமாட்டோம் என்று அடுத்த வீட்டுக்காரர் கூட்டத்தில் பேசினார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. மைதானத்தில் கூட அவர் பந்தை எங்கே வேண்டுமானாலும் அடிப்பார், நைனா நிற்கிற பக்கம் மட்டும் அடிக்கமாட்டார். அம்மாக்கள் மட்டும் சுவருக்கு மேலே குழம்பையும் புலுசையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் வந்தது. ஹாக்கி இறுதி ஆட்டம் பாகிஸ்தானோடு. எங்கள் ரயில்வே குடியிருப்பு லைனில் ரேடியோ இருந்தது ஆங்கிலோ இந்திய டிரைவர் வீட்டில். எல்லோரும் அவரைத் தொரை என்போம். டீமுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். நைனாவும் அடுத்த வீட்டுக்காரரும் அங்கே வந்து, அறையின் இரு மூலைகளில் உட்கார்ந்தார்கள்.

வர்ணனை ஆங்கிலத்தில் வந்தது. நான் திருப்பதியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். அன்று மட்டம் போட்டிருந்தேன்.

"இன்னாம்மா சொல்றான்? தமிழ்ல சொல்லு" என்றார் நைனா.

"அம்மாயி, தெலுகுலோ கூடா செப்பு" என்றார் அடுத்த வீட்டுக்காரர். தெலுங்கிலும் சொல்ல வேண்டுமாம்.

நான் தமிழில் பந்தை வலப்பக்கம் கொண்டுபோய், அதையே தெலுங்கில் கொண்டுபோவதற்குள், ரேடியோவில் அது பாகிஸ்தான்காரர்களிடம் போயிருக்கும். சீக்கியப் பெயர்களாக வந்துகொண்டிருந்தன. நடுவில் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெயர் வந்ததும் தொரை நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பெயர் தமிழ்ப் பெயராகக் காதில் விழ, நைனா "நம்மாளு!" என்று தொடையைத் தட்டினார். கோல்கீப்பர் பெயரைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரர் "மாவாடு!" என்று அதையே தெலுங்கில் சொன்னார். அந்த ஆட்டக்காரர்கள் எந்த ஊர் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாம் பாதியில் இந்தியாவுக்கு பெனால்டி கார்னர் கிடைத்தது. மொழிபெயர்க்க மறந்து நான் கத்திவிட்டேன். கோல்! திரும்பிப் பார்த்தால் நைனாவும் அடுத்த வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

தொரை மட்டும் எழுந்திருக்கவில்லை. "எங்க அண்ணன் லாகூர்ல இன்ஜின் ஓட்றான். சின்ன வயசுல நாங்க ஒரே டீம். இப்ப அவனும் ரேடியோகிட்ட குந்திக்கினு இருப்பான்" என்றார்.

நைனா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க அண்ணன் ஆளுங்க நல்லாவே ஆடட்டும் தொரை. கோல் மட்டும் போட வாணாம்."

தொரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் கடைசிவரை நன்றாகத்தான் ஆடினார்கள். அந்த ஒரே கோலில் நாங்கள் ஜெயித்தோம்.

வீடு திரும்பும்போது நைனா திடீரென்று, "இருந்தாலும் புத்தூர் எங்களுதுதான்" என்றார்.

"நீ சொன்னா ஆயிடுமா?" என்று அடுத்த வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். வாசல்வரை கத்திக்கொண்டே வந்தார்கள். "அப்பாடா, பேசிட்டாங்க" என்று அம்மா உள்ளே போய் உலை வைத்தாள்.

சில வருஷம் கழித்து எல்லை முடிவானது. திருத்தணி மதராஸ் பக்கம் போக, புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. அன்று நைனா சாப்பிடவில்லை. சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர் வந்தார். நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பிடி நைந்துபோன நைனாவின் ஹாக்கி மட்டைக்கு, இருட்டும்வரை பொறுமையாகத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.