குரங்கணி இறக்கத்தில் ஓர் உடும்புத்தோல் பை

காலை ஏழரை மணிக்குப் போடி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. மதுரையிலிருந்து ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீட்டர். ஒரு பையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். நெருப்புக்கோழி, திருக்கை, பண்ணை முதலை என்று அபூர்வத் தோலில் செய்த கைப்பைகளைச் சேர்ப்பவள் நான். படித்து வந்த ஞானம் இல்லை; என் தையல் கடைக்கு வார் அறுந்து வந்த பைகளைத் தடவித் தடவிக் கற்றது. என்னிடம் உள்ள ஒவ்வொன்றுக்கும் ரசீதும் அனுமதிச் சீட்டும் உண்டு. அவற்றைப் பற்றி யூடியூபில் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் சரசக்கா போன் செய்திருந்தார். "எங்கிட்டயும் ஒண்ணு கெடக்கு. வந்து பாரு ஆத்தா."

அங்கிருந்து வாடகை ஜீப்பு. ஓட்டி வந்த பாண்டியுடையதுதான், போக வர மூவாயிரம் ரூபாய். பதினாறு கிலோமீட்டரில் குரங்கணி. அங்கே வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டி எண்ணையும் என் பெயரையும் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்கள். தடுப்பைத் தாண்டியதும் பாண்டி சொன்னான்:

"என் மாமன் ஜீப்பும் இப்பிடித்தான் பளபளன்னு இருந்துச்சுக்கா. எவனோ சீட்டுக்கடியில சந்தனக்கட்டையைப் போட்டுட்டான். மாமனுக்கு ஒண்ணுந் தெரியாது. வண்டியப் புடிச்சுட்டாக. இன்னிக்கும் பாரஸ்ட் ஆபீசு கொல்லையிலதான் நிக்கிது. பாகக்காக் கொடி ஏறிக் காச்சுக் கெடக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அவன் வீட்டில் உலை கொதிப்பது இந்த ஒரு ஜீப்பால்தான் என்பதை அடுத்த வளைவுக்குள் அறிந்துகொண்டேன்.

பத்து மணிக்குத் தோட்டத்து வீடு. சரசக்காவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. கல்யாணமான புதிதில், இந்தச் சட்டமெல்லாம் வருவதற்கு முன்னால், கணவர் மெட்ராசில் வாங்கித் தந்த பை என்று பழைய வேட்டித்துணியைப் பிரித்தார். மடியில் வாங்கி விரலால் தடவினேன். உடும்புத்தோல். கேழ்வரகை வரிசையாக ஒட்டினாற்போல மணிச் செதில்கள். நடுவில் பருத்து, ஓரத்துக்கு வரவரப் பொடியாகும். மாட்டுத்தோலில் அச்சுக் குத்திய போலி என்றால் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். இதில் எந்த இரண்டு வரிசையும் ஒன்றுபோல் இல்லை. நிறம் மலைத்தேனாக முதிர்ந்திருந்தது.

"பிடிச்சிருக்குல்ல? எடுத்துக்க."

"வேணாங்க்கா. உடும்புத்தோலை விக்கக்கூடாது, வாங்கக்கூடாது, இனாமாக்கூடக் குடுக்கக்கூடாது. வண்டியில இருந்தா வண்டியையும் பிடிப்பாங்க."

"ஆசை மொகத்துல அப்பிக் கெடக்கு, வாயி மட்டும் வேணாங்குது!" என்று என் கன்னத்தில் இடித்தார். "வீட்டுக்கு வந்தவளை வெறுங்கையோட அனுப்பவா?"

நான் அசையவில்லை. சாப்பிட்டுக் கிளம்பும்போது ஒரு கட்டைப்பை நிறைய ஏலக்காய் தந்தார். வாயை இறுக்கிக் கட்டியிருந்தார். "வீட்டுல போயிப் பிரி" என்றார்.

மாலை மூன்றரை மணி, இறக்கம். ஜீப்பு குலுங்கிய குலுங்கலில் குமட்டியது. ஓர் ஏலக்காயை மெல்லலாம் என்று முடிச்சை நெகிழ்த்திக் கையை விட்டேன். காய்களுக்கு அடியில், விரல் நுனியில், அந்த மணிச் செதில்கள்.

"என்னக்கா, தேள் கொட்டுன மாதிரி கையை எடுக்குறீங்க?"

பையை வெளியே எடுத்தேன். பாண்டி வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தான்.

"உடும்பு வேணாம், கையை விட்டாப் போதும்னு சும்மாவா சொன்னாக" என்றான். அவன் வாயில் பழமொழி பொருத்தமாகத்தான் வந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. கீழே அரை கிலோமீட்டரில் சாவடியின் கூரை தெரிந்தது. "பெரியம்மா ஒளிச்ச எடத்தைப் பாருங்க! தோட்டத்துல காய்க் களவு சாஸ்தியானதுலேருந்து ஏலக்காயைத்தான் மொதல்ல கொட்டிப் பாக்குறாக."

ஏலக்காயோடு பிறந்து ஏலக்காயோடு வாழ்பவருக்கு அதையும் ஒருவர் சந்தேகிப்பார் என்று தோன்றியிருக்காது.

"வண்டியத் திருப்பு தம்பி."

"இங்கன எங்கிட்டுத் திருப்ப? பின்னாடி லோடு ஜீப்பு வருது. பேசாமப் பள்ளத்துல எறிங்கக்கா!" பின்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்.

எறியக் கை வரவில்லை. எறிந்ததை நாளை யாராவது எடுத்தால் அந்தக் கதை எங்கே போய் முடியுமோ என்ற பயமும் இருந்தது. "ஏலக்காயோட நீ முன்னால போ. இதை நானே நடந்து கொண்டுபோய்ச் சாவடியில குடுத்துடுறேன்."

"காட்டுமாடு நிக்கிற நேரம்க்கா."

"காட்டுமாடு கேசு போடாது. நீ போ."

பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படியாகவே நடந்தேன். வளைவிலிருந்து பார்த்தபோது தார்ப்பாயில் ஏலக்காயைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சீட்டைத் தூக்கினார்கள். டூல்ஸ் பெட்டியைத் திறந்தார்கள். கடைசியில் தடுப்பு உயர்ந்தது. அதற்குப் பிறகுதான் என் கால் தரையில் பாவியது.

சாவடியில் காக்கிச் சேலைக் காவலர் ஒருவரும், வனவர் ஒருவரும் இருந்தார்கள். பையை மேசைமேல் வைத்தேன்.

"உடும்பு. நிஜத்தோல். பேப்பர் கிடையாது. ஒப்படைக்க வந்தேன்."

வனவர் பையைத் தொடாமல் என்னையே பார்த்தார். "காலையில ஜீப்புலதானே போனீங்க? இது எந்த வண்டியில வந்துச்சு?"

"பாதி இறக்கம் வரைக்கும் அதே ஜீப்புலதான் வந்துச்சு. இருந்தது எனக்கும் தெரியாது, ஓட்டுன பையனுக்கும் தெரியாது. தெரிஞ்ச எடத்துலயே இறங்கிட்டேன்."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். அந்தப் பெண் காவலர்தான் பேசினார். "அந்த வண்டியை இப்பத்தான் சார் சோதிச்சோம். சுத்தமா இருந்துச்சு."

பை யாரிடமிருந்து எப்படி வந்தது என்று ஒன்றரை மணி நேரம் எழுதி வாங்கினார்கள். என் மேல் வழக்கு உண்டா என்பதை மேலதிகாரி சொல்வாராம். ஜீப்பைப் பற்றிப் பேச்சில்லை. சரசக்காவிடம் வாக்குமூலம் வாங்க மறுநாள் ஆள் போகும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம், போயிருப்பான் என்று நான் நினைத்த பாண்டி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றான். வண்டியில் ஏறும்போது போன் அடித்தது.

"போய்ச் சேந்துட்டியா? ஏலக்காய்க்குள்ள கையை விட்டுப் பாத்தியா?" சரசக்காவின் குரலில் அப்படி ஒரு குதூகலம்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாண்டி வண்டிக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லக்கா. பக்கத்துலதான் நிக்கிறான். ஆனா நாளைக்கு உங்களைப் பாக்க ஆபீசுலேருந்து வர்றாங்க."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: "எத்தனை பேரு வர்றாங்கன்னு கேட்டியா?"

"எதுக்குக்கா?"

"மலையேறி வர்றவங்களுக்குச் சோறு வைக்க வேணாமா?"